விழுக்காடும் வேற்றுமை உருபும்: அன்றாட ஆங்கிலத்தில் எண்களை உணர்த்தும் முறை

முன்னுரை

கணக்கைச் சரியாகச் செய்து முடித்த மாணவன், அதன் விடையை ஆங்கில வாக்கியமாக எழுதும்போது தவறிழைப்பதைக் கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கு அறிவர். அவன் கண்ட எண் சரி. எழுதிய சொற்களும் சரி. ஆயினும் வாக்கியம் தரும் பொருள் வேறாகி விடுகின்றது. இதனை ஆங்கில ஆசிரியர் கணிதப் பிழை என்றும், கணித ஆசிரியர் மொழிப் பிழை என்றும் கருதுவதால், இருவருமே இதனைத் திருத்தாமல் விட்டுவிடும் நிலை ஏற்படுகின்றது.

2003ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அத்திட்டத்தில் அடங்கின. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பின்னர் 2016ஆம் ஆண்டு இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டபோது, தமிழ்ப்பள்ளிகளில் அதனைச் செயற்படுத்துவது பற்றிக் கடும் வாதங்கள் எழுந்தன. அவ்வாதங்களுக்குள் நாம் இங்குப் புகவில்லை. கணிதத்தை எம்மொழியில் கற்றாலும், நம் மாணவர் எண்ணையும் விழுக்காட்டையும் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் சொல்ல வேண்டியவராகவே உள்ளனர். சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, கடன் ஒப்பந்தம், தேர்வு அறிக்கை ஆகியவை இம்மொழிகளில் ஏதேனும் ஒன்றில்தான் அவர்கள் கைக்கு வருகின்றன.

விழுக்காட்டின் பொருளை ஆங்கிலம் சிறு முன்னிடைச்சொற்களில் வைத்துள்ளது. அதே பொருளைத் தமிழ் வேற்றுமை உருபுகளிலும் சில இடைச்சொற்களிலும் வைத்துள்ளது. ஆகவே, தமிழ் உருபுகளைத் தெளிவாக உணர்ந்த மாணவன் ஆங்கில வழக்கைப் பிழையின்றிக் கற்க இயலும். இதனைக் கெடாவின் தோட்ட, நகர வாழ்விலிருந்து எடுத்த எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழுக்காடு என்னும் சொல்

தமிழகத்தில் சதவீதம், சதவிகிதம் என்னும் சொற்கள் பெருவழக்காக உள்ளன. மலேசியத் தமிழ்ப் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் விழுக்காடு என்பதே நிலைபெற்றுள்ளது. பங்கு, வீதம் என்னும் பொருளில் முன்னரே வழங்கிய இச்சொல், இன்று நூற்றுக்கு இவ்வளவு என்னும் வரையறுத்த பொருளைப் பெற்றுள்ளது. எனவே ‘நூற்றுக்கு இருபது விழுக்காடு’ என எழுதுவது நூறு என்பதை இருமுறை கூறுவதாகும். ‘நூற்றுக்கு இருபது’ அல்லது ‘இருபது விழுக்காடு’ என ஒன்றே போதும்.

ஆங்கிலத்தில் இதற்கு இரு சொற்கள் உள்ளன. எண்ணோடு சேர்ந்து வரும்போது ‘பெர்சென்ட்’ என்பர். எண் இன்றிப் பொதுவாகக் கூறும்போது ‘பெர்சென்டேஜ்’ என்பர். தமிழில் இரண்டிற்கும் விழுக்காடு என்னும் ஒரே சொல் வழங்குவதால், ‘மாணவர்களில் பெரும் விழுக்காட்டினர்’ என்பதை மொழிபெயர்க்கும் மாணவன் எண்ணோடு வர வேண்டிய சொல்லை எண்ணின்றி எழுதிவிடுகின்றான். எண் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினால் இப்பிழை நீங்கும்.

வினைமுடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் விழுக்காட்டைத் தொடரும் பெயர் எண்ணத்தக்கதாகிப் பன்மையில் நின்றால் வினையும் பன்மையாகும். எண்ண இயலாப் பொருளாயின் வினை ஒருமையாகும். ‘மாணவர்களில் 20 விழுக்காட்டினர் வந்தனர்’, ‘பாலில் 30 விழுக்காடு ரப்பர் உள்ளது’ என்னும் தமிழ் வாக்கியங்களை அருகருகே எழுதிக் காட்டினால் மாணவனுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

எதில் விழுக்காடு?

விழுக்காடு தனித்து நிற்காது. அது மற்றோர் அளவின் பங்கு. அவ்வளவையே நாம் அடிப்படை அளவு என்கின்றோம். ஆங்கிலம் அதனை ‘ஆஃப்’ என்னும் சொல்லால் சுட்டும். தமிழ் ‘இல்’ என்னும் உருபால் சுட்டும்.

ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. மரம் சீவி எடுத்து வந்த பாலை நிறுத்த பின்னர், அதில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு உள்ளது எனக் காண்பர். மெட்ரோலாக் என்னும் மிதக்கும் கருவியைப் பாலில் இட்டோ, சிறிதளவு பாலை உலர்த்தி நிறுத்தோ இதனை அறிவர். புதிதாக எடுத்த பாலில் பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு வரை ரப்பர் இருக்கும். உலர் ரப்பரின் எடையைக் கொண்டு கூலி கணக்கிடப்பட்ட இடங்களில் இவ்விழுக்காடே குடும்பத்தின் வருவாயைத் தீர்மானித்தது. 40 கிலோ பாலில் 33 விழுக்காடு ரப்பர் எனின் 13.2 கிலோ, 30 விழுக்காடு எனின் 12 கிலோ. பாலின் எடை மாறவில்லை; ரப்பரின் எடையோ 1.2 கிலோ குறைந்துவிட்டது.

அடிப்படை அளவைக் கூறாமல் விட்டால் ஒரே வேறுபாடு இரு விழுக்காடுகளாகத் தோன்றும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குறைந்தபட்சச் சம்பளம் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பிற பகுதிகளில் 1,100 ரிங்கிட்டாகவே இருந்தது. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி ஆகிய நகரங்கள் முதல் வகையைச் சார்ந்தன. பாலிங் போன்ற மாவட்ட மன்றப் பகுதிகள் இரண்டாம் வகையைச் சார்ந்தன. நகரத் தொழிலாளி 9.1 விழுக்காடு கூடுதலாகப் பெற்றார் என்பது சரி. உள்ளூர்ப் பகுதித் தொழிலாளி 8.3 விழுக்காடு குறைவாகப் பெற்றார் என்பதும் சரி. வேறுபாடு 100 ரிங்கிட்தான். முதலில் 1,100 அடிப்படையாகின்றது. அடுத்ததில் 1,200 அடிப்படையாகின்றது.

இவ்விரு வாக்கியங்களையும் தமிழில் எழுதும்போது ‘விட’ அல்லது ‘காட்டிலும்’ என்னும் ஒப்பீட்டுச் சொல்லை யாரோடு சேர்க்கின்றோமோ அவருடைய சம்பளமே அடிப்படை அளவாகும். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் ஒப்பும் ஒன்று. ஆங்கில ஒப்பீட்டுச் சொல்லுக்குப் பின் நிற்கும் பெயரும் இதே பணியைச் செய்கின்றது. அதனை விட்டுவிட்டு ‘9 விழுக்காடு அதிகம்’ என்று மட்டும் எழுதினால் வாக்கியம் முற்றுப்பெறவில்லை என மாணவர்க்கு உணர்த்த வேண்டும்.

உயர்ந்தது, ஆக உயர்ந்தது

மாற்றத்தைக் கூறும்போது ஆங்கிலம் மூன்று சிறு சொற்களைப் பயன்படுத்துகின்றது. தொடக்க அளவுக்கு ‘ஃபிரம்’, முடிவு அளவுக்கு ‘டு’, மாறிய அளவுக்கு ‘பை’. தமிழில் தொடக்க அளவு ‘இலிருந்து’ என்பதாலும், முடிவு அளவு ‘ஆக’ என்பதாலும் உணர்த்தப்படும். மாறிய அளவோ உருபு எதுவுமின்றி நிற்கும். மலாய் மொழியும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றது: மாறிய அளவுக்கு ‘செபாஞாக்’ என்றும், முடிவு அளவுக்கு ‘கெபாடா’ என்றும் எழுதுவர்.

‘கட்டணம் 20 விழுக்காடு உயர்ந்தது’ என்பதும், ‘கட்டணம் 20 விழுக்காடாக உயர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் 20 என்பது உயர்வின் அளவு. பின்னதில் 20 என்பது உயர்ந்த பின் உள்ள அளவு. தமிழில் ‘ஆக’ என்னும் ஈரெழுத்துச் சொல் செய்யும் இவ்வேலையை ஆங்கிலத்தில் ‘டு’ செய்கின்றது. நம் செய்தித்தாள்களில் ‘ஆக’ தவறிய இடங்கள் மிகுதி. அவற்றைப் படித்துப் பழகிய மாணவன் ஆங்கிலத்திலும் ‘பை’, ‘டு’ இரண்டையும் வேறுபாடின்றி எழுதுவதில் வியப்பில்லை.

மடங்கு என்பதிலும் இதே கவனம் தேவை. குறைந்தபட்சச் சம்பளம் 2013ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட்டாகியது. உயர்வு 800 ரிங்கிட், அதாவது 88.9 விழுக்காடு. புதிய சம்பளம் பழைய சம்பளத்தின் 188.9 விழுக்காடு. ‘சம்பளம் ஏறத்தாழ இரு மடங்காகியது’ எனலாம். ‘இரு மடங்கு உயர்ந்தது’ எனின் 900 ரிங்கிட்டோடு மேலும் 1,800 ரிங்கிட் சேர்ந்தது எனப் பொருள் கொள்ள இடமுண்டு. ஆங்கிலத்திலும் ‘டூ டைம்ஸ் மோர்’ என்னும் தொடர் இதே ஐயத்தை எழுப்பும். ‘ட்வைஸ் அஸ் மச்’ என எழுதுவதே தெளிவானது. விலைவாசியும் உயர்ந்துள்ளதால், சம்பளம் இரு மடங்கை நெருங்கியது என்பது வாங்கும் ஆற்றலும் அவ்வாறே உயர்ந்தது என்பதாகாது என்பதையும் ஆசிரியர் சேர்த்துக் கூறுதல் நன்று.

விழுக்காடும் விழுக்காட்டுப் புள்ளியும்

மாறும் அளவே ஒரு விழுக்காடாக இருக்கும்போது சிக்கல் மேலும் கூடுகின்றது. இத்தகைய இடங்களில் இரு விழுக்காடுகளின் நேர் வேறுபாட்டை ஆங்கிலம் ‘பெர்சென்டேஜ் பாயின்ட்’ எனத் தனியே குறிக்கும். தமிழில் இதனை விழுக்காட்டுப் புள்ளி எனலாம். அன்றாடத் தமிழில் இத்தொடர் இன்னும் வேரூன்றவில்லை. இரண்டிற்கும் விழுக்காடு என்றே எழுதுகின்றோம்.

ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி செலுத்தும் வீதம் பொதுவாக 11 விழுக்காடு. பெருந்தொற்றுக் காலத்தில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அவ்வீதம் 7 விழுக்காடாகவும், 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் 9 விழுக்காடாகவும் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் மீண்டும் 11 விழுக்காடானது. 11 விழுக்காட்டுக்குப் பதிலாக 9 விழுக்காடு எனின் வேறுபாடு 2 விழுக்காட்டுப் புள்ளி. 1,200 ரிங்கிட் சம்பளம் பெறுபவர் மாதந்தோறும் ஏறத்தாழ 132 ரிங்கிட் செலுத்தி வந்த இடத்தில் 108 ரிங்கிட் செலுத்துவார். சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டால் 24 ரிங்கிட் என்பது 2 விழுக்காடு; சேமிப்பை அடிப்படையாகக் கொண்டால் அது 18.2 விழுக்காடு. ‘2 விழுக்காடுதான் குறைகின்றது’ என்னும் வாக்கியம் முதியோர் காலத்துச் சேமிப்பில் ஏற்படும் குறைவைச் சிறியதாகக் காட்டிவிடுகின்றது.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் பல சேவைகளுக்கான சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்ததையும் இவ்வாறே கூறலாம். வரி வீதம் 2 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. செலுத்தும் வரியோ மூன்றில் ஒரு பங்கு கூடியது. செம்பனை ஆலைகளிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பழக்குலைகளிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் வீதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. அது 19 ஆகக் குறைந்தால் 1 புள்ளிதான் குறைந்தது. ஆயினும் எண்ணெயில் 5 விழுக்காடு இழப்பாகும்.

நம் சமூகம் பற்றிய பேச்சிலும் இது பெரிதும் குறுக்கிடுகின்றது. மலேசியக் குடிமக்களில் இந்தியர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7.3 விழுக்காட்டினர், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6.7 விழுக்காட்டினர். இதனைக் கொண்டு ‘இந்தியர் குறைந்துவிட்டனர்’ என மேடையில் கூறுவோர் உளர். குறைந்தது மொத்த மக்களில் நம் பங்கு, அது 0.6 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. இந்தியரின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 1.9 மில்லியனிலிருந்து 2 மில்லியன் அளவுக்குக் கூடியுள்ளது. பிறர் அதனினும் விரைவாகப் பெருகியதால் பங்கு சுருங்கியது. பள்ளி, நிதி ஒதுக்கீடு ஆகியவை பற்றிக் கோரிக்கை எழுதுவோர் பங்கையும் எண்ணிக்கையையும் பிரித்து எழுதாவிடின், கோரிக்கையின் வலுவே கெடும்.

காலமும் எண்ணிக்கையும்

விழுக்காட்டோடு காலத்தையும் கூற வேண்டிய இடங்கள் உள. நம் வழக்கில் ‘இரண்டு வட்டி’ எனின் நூற்றுக்கு மாதம் இரண்டு என்றே பொருள். காலத்தைச் சொல்லாமலே கேட்பவர் அறிந்துகொள்வார். வங்கியின் ஆங்கிலத்திலோ விழுக்காடு பொதுவாக ஆண்டு வட்டியைக் குறிக்கும். ‘டூ பெர்சென்ட்’ என ஒருவர் சொல்லக் கேட்டு மலிவான கடன் என எண்ணுபவர், அது மாத வட்டியாயின் ஆண்டுக்கு 24 விழுக்காடு செலுத்துவார். 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவர் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி கேட்கலாகாது. ‘ஆண்டுக்கு’ என்னும் ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தவர்க்கே இச்சட்டம் காவலாகும்.

அடிப்படை எண்ணிக்கை மிகச் சிறிதாயின் விழுக்காடு வாசகரைத் திசைதிருப்பக்கூடும். 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்தப்படுகின்றன. கெடாவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையின. 2021ஆம் ஆண்டு கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் முடிவுகள் பள்ளிவாரியாக விழுக்காட்டில் ஒப்பிடப்பட்டு வந்தன. ஆறாம் ஆண்டில் எட்டு மாணவர் பயிலும் பள்ளியில் ஒருவர் தவறினாலும் தேர்ச்சி 100 விழுக்காட்டிலிருந்து 87.5 விழுக்காடாகும். 120 மாணவர் பயிலும் நகரப் பள்ளியில் அதே வீழ்ச்சி ஏற்படப் பதினைவர் தவற வேண்டும். இத்தகைய இடங்களில் ‘எட்டு மாணவரில் எழுவர் தேர்ச்சி பெற்றனர்’ என எழுதுவதே நேர்மையான முறை. ஆங்கிலத்திலும் சிறு எண்ணிக்கைக்கு ‘செவன் அவுட் ஆஃப் எய்ட்’ என எழுதுதலே சிறந்தது. ஒரு குழந்தையின் தடுமாற்றம் பள்ளியின் வீழ்ச்சியாகப் படிக்கப்படுவதை இது தடுக்கும்.

தசமம், பின்னம், மில்லியன்

எண்ணைப் படிக்கும் முறையிலும் சில பிழைகள் பரவலாக உள்ளன. 3.25 என்பதை ஆங்கிலத்தில் ‘த்ரீ பாயின்ட் டூ ஃபைவ்’ எனப் படிக்க வேண்டும். ‘பாயின்ட் ட்வென்ட்டி ஃபைவ்’ எனப் படிப்பது தவறு. இப்பிழையின் காரணம் கடைத்தெருவிலேயே உள்ளது. 3.25 ரிங்கிட்டை மூன்று வெள்ளி இருபத்தைந்து காசு என்கின்றோம்; பணத்திற்கு அது சரியே. அதே பழக்கத்தைத் தசமத்திற்கும் கொண்டு செல்லும் மாணவன், இருபத்தைந்து ஐந்தைவிடப் பெரிது என்பதால் 3.25 என்பது 3.5ஐவிடப் பெரிது எனவும் கருதிவிடுகின்றான். ‘மூன்று தசமம் இரண்டு ஐந்து’ எனத் தமிழில் முறையாகப் படிக்கப் பழகியவன் இங்குத் தடுமாறுவதில்லை.

பின்னத்தில் தமிழ் சொற்களைச் சேர்த்தே கூறும்: ஒன்றரை, ஒன்றேகால், ஒன்றேமுக்கால். ஆங்கிலமோ இடையில் ‘அண்ட்’ என்னும் சொல்லை வேண்டும். ஒன்றரை என்பதை உருபன் உருபனாகப் பெயர்த்து ‘ஒன் ஹாஃப்’ என எழுதினால் அது வெறும் அரையாகிவிடும். ஒன்றரை மணி நேரம் என்பதில் தமிழ்ப் பெயர் ஒருமையில் நிற்க, ஆங்கிலத்தில் ‘ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்’ எனப் பன்மை வரும் என்பதையும் சுட்ட வேண்டும்.

பேரெண்களில் இரு முறைகள் மோதுகின்றன. பத்து இலட்சம் ஒரு மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். 2020ஆம் ஆண்டில் கெடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.13 மில்லியன், அதாவது 21 இலட்சத்து 30 ஆயிரம். தமிழகத்தில் 21,30,000 எனக் காற்புள்ளியிடுவர். மலேசியாவில் 2,130,000 எனவே இடுவர். ஒரு கட்டுரைக்குள் ஒரு முறையையே பின்பற்ற வேண்டும். ‘2.13 இலட்சம்’ எனப் பெயர்ப்பவர் மாநிலத்தின் மக்களில் பத்தில் ஒன்பது பங்கினரை நீக்கிவிடுகின்றார்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றைக் கற்பிக்கத் தனிப் பாடவேளை தேவையில்லை. விழுக்காடு இடம்பெறும் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் நான்கு வினாக்களைக் கேட்க மாணவரைப் பழக்கினால் போதும்: எதில்? எதைவிட? எதிலிருந்து எதுவாக? எக்காலத்திற்கு? நான்கும் எல்லா வாக்கியத்திற்கும் பொருந்தா. பொருந்தும் வினாவுக்கு விடை இல்லையெனின் வாக்கியம் குறையுடையது எனக் கொள்ளலாம். இவ்வினாக்கள் வேற்றுமைப் பொருளை அடியொற்றியவை என்பதால் இலக்கணப் பாடத்திலேயே இவற்றை அமைக்கலாம்.

இரண்டாவதாக, ஒரே செய்தியை மும்மொழியிலும் எழுதச் செய்யலாம். சேமநிதி வீதமாற்றத்தைத் தமிழில் ‘ஆக’ என்பதோடும், மலாயில் ‘கெபாடா’ என்பதோடும், ஆங்கிலத்தில் ‘டு’ என்பதோடும் எழுதும் மாணவன், இம்மூன்றும் ஒரே பணியைச் செய்வதைத் தானே கண்டுகொள்வான். மூன்றாவதாக, வீட்டிலுள்ள சம்பளச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு ஆகியவற்றைப் போன்ற மாதிரிகளை ஆசிரியரே உருவாக்கிப் பயிற்சிக்கு வைக்கலாம். குடும்பங்களின் உண்மைச் சம்பளச் சீட்டுகளை வகுப்பில் கேட்பது முறையன்று.

முடிவுரை

ஆங்கிலத்தில் எண்களைப் பிழையின்றிக் கூறும் திறனைத் தமிழிலிருந்து விலகித்தான் பெற முடியும் என்னும் எண்ணம் பெற்றோரிடையே நிலவுகின்றது. இக்கட்டுரையில் கண்ட எடுத்துக்காட்டுகள் அதற்கு மாறானதையே காட்டுகின்றன. ‘இல்’, ‘விட’, ‘இலிருந்து’, ‘ஆக’ ஆகியவற்றைத் தமிழில் தளர்வாகக் கையாளும் மாணவனே ஆங்கிலத்திலும் தடுமாறுகின்றான். தோட்டத்து ஆலையில் பாலின் விழுக்காட்டைக் கேட்டுத் தம் கூலியைக் கணக்கிட்டறிந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று சேமநிதி, கடன், வரி ஆகியவற்றின் விழுக்காடுகளை எதிர்கொள்கின்றனர். அவ்வெண்களை அவர்கள் சரியாகப் படிக்கவும் சொல்லவும் வேண்டுமெனில், அதற்கான பயிற்சியைத் தமிழாசிரியரின் வேற்றுமைப் பாடத்திலிருந்தே தொடங்கலாம்.